ஐயர் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு

புரசைவாக்கத்தில், டவுட்டன் சந்திப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு சீர்திருத்தத் திருச்சபையின் மாடிக்கூடத்தில், ‘விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர்’, அதாவது குருப்பட்டம் பெற்றவர் மட்டுமன்றிக் கிறிஸ்தவர் எல்லோருமே கடவுள்முன் குருக்கள், என்ற தலைப்பில் 10 சனிக்கிழமை மாலைகள் நடந்த வகுப்பை அண்மையில் நிறைவு செய்தேன். மாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடியும். கட்டணம் 750 ரூபாய். அதற்குள் 96 பக்கக் குறிப்பேடும் ஒவ்வொரு வாரமும் தேநீரும் அடங்கும். ஒரு குருவானவரும், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் 26 பேர். தங்கள் சபையின் பெயரையோ தங்கள் பெயர்களையோ வெளியிட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, வகுப்பு எனக்கு எதைக் கொடுத்தது, எங்கே குறைவுபட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுத முடியாது. எங்கள் குடும்பம் சாயர்புரத்திலிருந்து ரயில்வே வேலைக்காகப் பெரம்பூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. எங்கள் பேச்சில் குருவானவரை ‘ஐயர்’ என்றும் அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும்தான் சொல்வோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு 2 மணிக்கு என் அம்மா வீட்டிலேயே இறந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி வருவதற்கு முன்பே உறவினரும் அக்கம்பக்கத்துச் சபையாருமாகப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கள் ஐயர் அன்று வெளியூரில் இருந்தார். யாராவது ஒரு ஜெபம் செய்யுங்கள் என்று என் தம்பி கேட்டபோது, பெரியவர் ஒருவர் மெல்லிய குரலில் “ஐயர் வரட்டும்” என்றார். வேறொரு சபையிலிருந்து ஒரு போதகர் வந்து சேரக் காலை 6:30 ஆனது. அந்த நாலரை மணி நேரம், தெருவில் இருந்த அத்தனை பேருக்காகவும் வாழ்நாளெல்லாம் ஜெபித்த ஒரு தாயின் பக்கத்தில், அவர்கள் பெற்ற மகளாகிய நான் உட்பட எவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவர்களை நான் குறை கூறவில்லை, ஏனெனில் நாங்கள் அனைவரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருந்தோம். அது சரிதானா என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

வகுப்பின் முதல் நான்கு வாரங்கள் வேதாகமத்திலேயே கழிந்தன, அவையே குறிப்பேட்டிலும் சிறந்த பகுதி. சபைகளில் நாம் அடிக்கடி கேட்கும் வசனம் 1 பேதுரு 2:9. ‘தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததியாயும், ராஜரீகமான ஆசாரியக்கூட்டமாயும், பரிசுத்த ஜாதியாயும், அவருக்குச் சொந்தமான ஜனமாயும் இருக்கிறீர்கள்’ என்பதை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் ஆசிரியர்கள் அங்கே தொடங்கவில்லை. சீனாய் மலையடிவாரத்தில், இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியரான ஆரோனுக்கு ஆசாரிய உடை தைக்கும்படி கட்டளை பிறப்பதற்கு முன்பே, ‘நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமும் பரிசுத்த ஜாதியுமாய் இருப்பீர்கள்’ என்று இஸ்ரவேல் மக்கள் அனைவரையும் நோக்கிச் சொல்லப்பட்ட யாத்திராகமம் 19:6இல் தொடங்கினார்கள். அடிமைகளாகச் செங்கல் அறுத்த ஒரு கூட்டத்தை நோக்கி முதலில் சொல்லப்பட்ட அந்தச் சொல்லைத்தான் பேதுரு, சிதறிக் கிடந்த சிறு சபைகளுக்கு எழுதும்போது மறுபடியும் எடுத்துக்கொண்டார் என்று விளக்கியபோது, பழகிய வசனத்தின் எடை எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

மூலமொழியைப் பற்றித் தமிழாசிரியர் சொன்ன ஒரு செய்தியையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆசாரியர் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லான ‘ஹியரெயுஸ்’ புதிய ஏற்பாட்டில் யூத ஆலயத்து ஆசாரியர்களுக்கும், எபிரெயர் நிருபத்தில் கிறிஸ்துவுக்கும், வெளிப்படுத்தின விசேஷத்தில் மீட்கப்பட்ட மக்கள் அனைவருக்கும் வருகிறதே தவிர, சபையை நடத்தும் ஊழியருக்குரிய பட்டமாக ஓரிடத்திலும் வரவில்லை. அவர்களுக்கு மூப்பர், கண்காணி, உதவிக்காரர் என்ற பெயர்களே உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆசாரியக்கூட்டம்’ என்றும் கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் ‘அரச குருக்களின் கூட்டத்தினர்’ என்றும் இருப்பதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார்கள். ‘ஆசாரியர்’ என்பதும், தச்சரையும் கொல்லரையும் நாம் அழைக்கும் ‘ஆசாரி’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அவர் சொல்லிவிட்டு, நாசரேத்தூர்த் தச்சரைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போனார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆசாரியர் செய்த வேலை என்ன என்ற கேள்விக்குப் பலியிடுவது என்று நாங்கள் அனைவரும் உடனே பதில் சொன்னோம். குருவானவர் யாத்திராகமம் 28ஐத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்கள் வெட்டப்பட்ட கற்களை ஆரோன் தன் மார்பின்மேல் சுமந்து பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக வேண்டும் என்று அங்கே இருக்கிறது. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையைக் கொடுத்து, அதில் 12 பெயர்களை எழுதி, வகுப்பு முடியும்வரை சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு நாள்தோறும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கும்படி சொன்னார்கள். குறைந்தது இரண்டு பெயராவது நமக்கு வருத்தம் விளைவித்தவர்களின் பெயராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் எழுதிய பெயர்களில் ஒன்றைப் பார்க்காமல் மூன்று வாரம் கடந்தேன். நான்காம் வாரம்தான் அதைச் சத்தமாகச் சொல்ல முடிந்தது. குறிப்பேட்டில் உள்ள எந்தப் பக்கத்தையும்விட இந்த அட்டை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஐந்தாம் வாரம், சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூத்தரைப் பற்றியது. 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு அவர் எழுதிய மடலில், குருமார் மட்டுமே ஆவிக்குரிய வகுப்பினர் என்ற எண்ணத்தை மறுத்து, ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் ஆசாரியர் என்றும், செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் அவரவர் வேலையினால் மற்றவர்களுக்கு ஊழியம் செய்கிறார்கள் என்றும் வாதாடியதை எடுத்துச் சொன்னார்கள். குருப்பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லாமல் பாலைவனத்துக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு சிறு கூட்டம், தங்களில் ஒருவரைத் தெரிந்தெடுத்து ஞானஸ்நானம் கொடுக்கவும், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நடத்தவும் நியமித்தால், அவர் மெய்யான குருவே என்று லூத்தர் காட்டும் எடுத்துக்காட்டைக் கேட்டபோது, அம்மாவின் பக்கத்தில் நின்ற அந்தப் பன்னிரண்டு பேர்தான் என் கண்முன் வந்தார்கள். நாங்கள் பாலைவனத்தில் இருக்கவில்லை. பெரம்பூரில், கையில் வேதாகமத்தோடு இருந்தோம்.

இந்த உபதேசத்தைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான புரிதலை வகுப்பு நன்றாகக் கையாண்டது. ‘எனக்கு நானே ஆசாரியர், எனக்கு யாரும் தேவையில்லை’ என்று சொல்லிச் சபையை விட்டு விலகுகிறவர்கள் சென்னையில் குறைவில்லை. எனக்கும் கடவுளுக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்பது 1 தீமோத்தேயு 2:5. அதே அதிகாரத்தின் முதல் வசனம் எல்லா மனிதருக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்கிறது. ஆசாரியர் தமக்காக மட்டும் நியமிக்கப்படுவதில்லை, பிறருக்காகவே நியமிக்கப்படுகிறார். ஆகவே, நான் ஆசாரியர் என்றால் என் பக்கத்தில் இருப்பவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அவரும் எனக்குக் கடமைப்பட்டிருக்கிறார். ‘ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்’ என்ற யாக்கோபு 5:16 அந்த இருவழிப் பாதையைத்தான் சொல்கிறது.

கத்தோலிக்கச் சகோதரி ஒருவரும் எங்களோடு படித்தார்கள். சீர்திருத்தச் சபைகளின் வகுப்புகளில் கத்தோலிக்கரின் நிலையைச் சிறுமைப்படுத்திப் பேசுவதைப் பல இடங்களில் கேட்டு வருந்தியிருக்கிறேன். இங்கே அது நடக்கவில்லை. 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத்திரட்டு, திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரிய பொதுக் குருத்துவத்தை வெளிப்படையாகக் கற்பிக்கிறது என்றும், அதுவும், குருப்பட்டம் பெற்றவர்களுக்குரிய பணிக் குருத்துவமும் அளவில் மட்டுமன்றி இயல்பிலேயே வேறுபட்டவை என்று அது சொல்லும் இடத்தில்தான் நம் வழிகள் பிரிகின்றன என்றும் குருவானவர் விளக்கினார். அந்தச் சகோதரி, “எங்க சாமியார் சொல்றதையே நீங்களும் சரியாச் சொல்றீங்க ஐயா” என்றார்கள். மாறுபடும் கருத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு மாறுபடுவது ஓர் ஆசிரியருக்குப் பெரிய தகுதி.

ஆறாம் வாரம் தமிழகத்துச் சபை வரலாறு. இங்கேதான் என் முக்கியமான குறை இருக்கிறது. லூத்தரன் மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியது, புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது, பின்வந்த மிஷனெரி பப்ரிசியுஸ் நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு அருகிலுள்ள வேப்பேரியில் வாழ்ந்து வேதாகம மொழிபெயர்ப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்தது ஆகியவை வந்தன. மக்கள் கையில் அவர்கள் மொழியில் வேதம் இல்லாமல் அனைவரும் ஆசாரியர் என்று பேசிப் பயனில்லை என்பதால் அது பொருத்தமே. குருப்பட்டம் இல்லாமலே சபைகளை வளர்த்தவர்களும் வந்தார்கள். பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் கட்டிய கிளாரிந்தாவையும், ஞாயிறுதோறும் ஊர் ஊராக நடந்து சபைகளைக் காத்த உபதேசியார்களையும் பற்றி அழகாகப் பேசினார்கள். என் தாத்தாவின் தகப்பனாரும் ஓர் உபதேசியார் என்பதால் என் கண்கள் கலங்கின.

ஆனால் தஞ்சை மன்னரின் படைவீரராக இருந்து உபதேசியாரான ராஜநாயக்கனை இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டார்கள். அவர் அஞ்சாத ஊழியர். அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அவர் கையால் பிற சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் குறுக்கே நின்றது. அவருக்குப் பட்டம் கிடைக்கவே இல்லை. அனைவரும் ஆசாரியர் என்ற உபதேசத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த அதே லூத்தரன் மிஷனில் இது நடந்தது. பிறகு 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று மடல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் இதே வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். சம்பவம் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாமல் விடுவது பெரிய இழப்பு. ஆரோன் குலத்தில் பிறந்தவர்களுக்கே உரியதாக இருந்த ஆசாரியத்துவம் கிறிஸ்துவில் பிறப்பை விட்டு நீங்கியது என்பதுதானே எபிரெயர் 7ஆம் அதிகாரத்தின் வாதம்? பிறப்பை வைத்துப் பந்தியில் முன்பின் பார்க்கிற நாட்டில் அந்த அதிகாரத்துக்கு ஒரு முழு மாலை தேவை. தேநீர் இடைவேளையில் இதைத் தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, “அடுத்த முறை சேர்க்கிறோம் அம்மா, இது எங்க தவறுதான்” என்றார்.

ஏழாம் வாரம் அன்றாட வேலையைப் பற்றியது. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர், “எட்டு மணி நேரம் மெஷினு முன்னாடி நிக்கிறேன் சார், அதுல எங்க ஆராதனை?” என்று கேட்டார். வேலைக்கு நடுவில் சக ஊழியரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற வழக்கமான பதிலை எதிர்பார்த்தேன். தமிழாசிரியர் மல்கியா 1:8ஐத் திறந்தார். ஊனமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்துவிட்டு, இதில் தவறில்லை என்று சொல்லும் ஆசாரியர்களைத் தீர்க்கதரிசி கடிந்துகொள்ளும் இடம் அது. அளவு தவறிய ஓர் உதிரிப்பாகத்தை நல்லவற்றுக்கு நடுவே வைத்து அனுப்பும்போது ஊனமான ஆட்டைத்தான் பீடத்தில் வைக்கிறோம் என்றும், ரோமர் 12:1 நம் எண்ணங்களை மட்டும் கேட்காமல் நம் ‘சரீரங்களை’ ஜீவபலியாகக் கேட்பதால் வலிக்கும் முதுகும் எண்ணெய் படிந்த கையும் அந்தப் பலிக்குள் அடங்கும் என்றும் சொன்னார். இருபத்தேழு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணியில் காயத்தை மறுபடியும் கழுவிக் கட்ட வேண்டுமா, காலையில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டுமா என்று தயங்கும் நேரங்களில் அந்த ஆடு இப்போது எனக்கு நினைவுக்கு வருகிறது.

எட்டாம் வாரம் பாவ அறிக்கையைப் பற்றியது. அவசரமாக முடிந்தது, அதிகம் சொல்வதற்கில்லை.

ஒன்பதாம் வாரத்தில் வகுப்பறை இல்லை. இருவர் இருவராக வீடுகளுக்கு அனுப்பினார்கள். விதிகள் மூன்று: பிரசங்கம் செய்யக் கூடாது, ‘உங்களுக்காக என்ன கேட்கட்டும்?’ என்று கேட்டுவிட்டு அதையே ஜெபிக்க வேண்டும், பிறகு அந்த வீட்டாரிடம் நமக்காக ஜெபிக்கும்படி கேட்க வேண்டும். மூன்றாவது விதியை முதலில் நான் விரும்பவில்லை. நோயாளியிடம் போய் நம் தேவையைச் சொல்வது அவருக்குச் சுமையாகாதா என்று நினைத்தேன். நானும் புளியந்தோப்பைச் சேர்ந்த ஒரு தையற்காரப் பெண்ணும் ஒட்டேரியில், பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து நான்கு ஆண்டுகளாகக் கட்டிலில் இருக்கும் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போனோம். தூக்கம் வர வேண்டும் என்று கேட்டார், அதற்காக ஜெபித்தோம். பிறகு நான் தயங்கித் தயங்கி, “ஐயா, எங்க அம்மா இறந்த அன்னைக்கு என்னால வாய் திறக்க முடியல. எனக்காக ஜெபிப்பீங்களா?” என்றேன். அவர் மனைவி, “அவருக்குப் பேச்சு சரியா வராதும்மா” என்றார்கள். ஆனால் பெரியவர் இடக்கையைத் தூக்கினார். குழறிய சொற்களில், இடையிடையே நின்று நின்று ஜெபித்தார். பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பாதியில் என் அம்மாவுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நான்கு ஆண்டுகளாக அவரைப் பார்க்க வந்தவர்கள் அனைவரும் அவருக்காக ஜெபித்திருக்கிறார்கள். அவரை ஜெபிக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை என்று திரும்பும்போது அவர் மனைவி வாசலில் நின்று சொன்னார்கள். இந்த ஒரு மாலைக்காகவே 750 ரூபாயைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கடைசி வாரத்தில், அப்படியானால் வீட்டில் நாங்களே திருவிருந்து நடத்தலாமா என்று ஒருவர் கேட்டார். அனைவருக்கும் உரியதை ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது மற்ற அனைவரிடமிருந்தும் அதைப் பறிப்பதாகும், எனவேதான் முறையான அழைப்பின்றி யாரும் சபையில் போதிக்கவோ திருவிருந்தை நடத்தவோ கூடாது என்று லூத்தரன் சபைகளின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை சொல்கிறது என்று குருவானவர் பதிலளித்தார். எனக்கு நிறைவளித்த பதில் அது. லூத்தரின் பாலைவன எடுத்துக்காட்டைச் சொன்ன ஐந்தாம் வாரத்திலேயே இதையும் சொல்லியிருந்தால், இடையில் சிலர் குழம்பி நின்றிருக்க மாட்டார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, உறுப்பினர் அனைவரும் கிறிஸ்துவின் பரலோகப் பிரதான ஆசாரியத்துவத்தில் பங்குடையவர்கள் என்று தன் அமைப்பு விதிகளிலேயே எழுதிக்கொண்டது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அந்தத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தும் ஐம்பத்தொரு வயது வரை அதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். கூடம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்தானவை. மூட்டுவலி உள்ள முதியவர்கள் இருவர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். முதியோருக்கே இத்தகைய வகுப்பு அதிகம் தேவைப்படும் என்பதால், கீழ்த்தளத்து அறைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குறிப்பேட்டில் அச்சுப்பிழைகள் மிகுதி. எபிரெயர் 10:19 என்று இருக்க வேண்டிய இடத்தில் 19:10 என்று அச்சாகியிருக்கிறது, அந்த நிருபத்தில் 13 அதிகாரங்களே உண்டு. பெண்கள் கேள்வி கேட்க இங்கே முழு இடம் இருந்தது. இரவுப் பணி காரணமாக நான் தவறவிட்ட ஒரு வகுப்பை, மறுநாள் ஆராதனைக்குப் பிறகு தமிழாசிரியர் எனக்காக மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நடத்தினார். அடுத்த தொகுப்பு மழைக்காலம் முடிந்தபின் தொடங்கும் என்றார்கள். வீட்டுச் சந்திப்புகளுக்குத் துணையாகச் செல்ல என் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.

ஒட்டேரிப் பெரியவரை நானும் அந்தத் தையற்காரப் பெண்ணும் இன்னும் மாதம் ஒருமுறை பார்த்து வருகிறோம். சென்ற முறை நாங்கள் உட்காருவதற்கு முன்பே அவர் இடக்கையைத் தூக்கிவிட்டார்.